வேப்பமரத்தடியில் ஒரு ஜீப்

பழைய தமிழ்ப் படங்களில் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போலீஸ் வந்து இறங்குமே, அந்த ஜீப்பின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் வரும் ஜீப்புக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. போர்க்கால ஜீப்பின் பானெட் தாழ்வாக, மேசை மாதிரி தட்டையாக இருக்கும். நம்மூர் மகிந்திரா ஜீப்போ நெற்றியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அழகுக்காகச் செய்தது என்று நினைத்தால் தப்பு. 1953-இல் வில்லிஸ் கம்பெனி சி.ஜே.3பி என்ற மாடலில் 'ஹரிக்கேன்' என்ற இன்ஜினைப் போட்டது. அதற்கு முந்தைய இன்ஜினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. புதியதில் காற்றை உள்ளே இழுக்கும் வால்வுகளை மட்டும் மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். சக்தி கூடியது. கூடவே இன்ஜினின் உயரமும் கூடியது. பானெட் மூடவில்லை. என்ன செய்வது? பானெட்டைத் தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்!

ஆக, வேறு இன்ஜின் போட்டால் வண்டியில் வேறு எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டியைச் செய்த கம்பெனிக்கே அதுதான் கதி. வீட்டு வாசலில் வைத்துச் செய்பவர்களின் கதியைக் கேட்க வேண்டுமா?

ஜீப்பின் பிறப்பிலேயே இன்ஜின் போட்டி இருந்தது. 1940-இல் அமெரிக்க ராணுவம் கால் டன் சுமக்கிற, நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று கேட்டது. பான்டம் என்ற சிறு கம்பெனி செப்டம்பர் மாதமே முதல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பின்னாலேயே வில்லிஸும் ஃபோர்டும் வந்தன. ஃபோர்டிடம் அந்த அளவுக்குச் சின்ன கார் இன்ஜின் இல்லை. தன்னுடைய டிராக்டர் இன்ஜினையே கொஞ்சம் மாற்றிப் பொருத்தியது. வில்லிஸில் பார்னி ரூஸ் என்ற பொறியாளர் இருந்தார். 48 குதிரைத்திறன் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியின் பழைய கார் இன்ஜினைத் தட்டிக் கொட்டி 60-க்குக் கொண்டுவந்திருந்தார். 'கோ டெவில்' என்று அதற்குப் பெயர், 2199 சி.சி. ராணுவத்துக்கு அந்த இன்ஜின் பிடித்துப்போனது. பிற்பாடு ஃபோர்டும் வில்லிஸின் வரைபடத்தை வாங்கி அதே இன்ஜினோடு ஜீப் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளுமாக 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின.

இந்தியாவுக்கு வருவோம். 1945-இல் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து 'மகிந்திரா அண்ட் முகம்மது' என்று ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள். (பிரிவினைக்குப் பிறகு முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சர் ஆகிவிட்டார். 1948-இல் கம்பெனி 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆனது.) இவர்கள்தான் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்து இங்கே பூட்ட ஆரம்பித்தார்கள், பிறகு இங்கேயே தயாரிக்கவும் செய்தார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். உடம்பு அதே உடம்பு. உள்ளே இருக்கும் இன்ஜின் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் பெட்ரோல். 1970-களில் இன்டர்நேஷனல் டிராக்டர் குடும்பத்து டீசல். (ஃபோர்டு 1940-இல் செய்ததை முப்பது வருஷம் கழித்து மகிந்திராவும் செய்தது!) 1980-களில் பிரான்ஸ் நாட்டு பிஜோவின் எக்ஸ்.டி.பி. டீசல், 2112 சி.சி., மகாராஷ்டிராவில் இகத்புரி தொழிற்சாலையில் செய்தது. அதற்குப் பிறகு 2523 சி.சி. டீசல். 2010-இல் தார் என்ற பெயரில் வந்தபோதும் டீசல்தான். 2020-இல் புதுத் தார் வந்தபோது டீசலோடு பெட்ரோல் இன்ஜினும் திரும்பி வந்தது.

கம்பெனி செய்ததையேதான் ஊர்ப் பட்டறைகளும் செய்தன. காரணம் ஒன்றே ஒன்றுதான்: பெட்ரோல் பங்க். பெட்ரோல் ஜீப் லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம். டீசல் பத்துப் பன்னிரண்டு கொடுக்கும். டீசலின் விலையோ அரசாங்கம் பிடித்துவைத்திருந்த விலை. 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! இந்தக் கணக்குக்கு முன்னால் எந்த விவசாயிதான் பெட்ரோல் ஜீப்பை அப்படியே வைத்திருப்பார்? மெட்டடார் வேன் இன்ஜின், டெம்போ டிராக்ஸ் இன்ஜின், அம்பாசடரின் இசுசூ டீசல் இன்ஜின் என்று எது கிடைத்ததோ அதைப் போட்டார்கள். சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றினால் எந்த இன்ஜினும் கிடைக்கும் என்பது ஊரறிந்த சங்கதி.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே ஒரு வீட்டில் அப்படி ஒரு ஜீப் நிற்கிறது. 1960-களின் கடைசியில் வந்த மகிந்திரா சி.ஜே.3பி, பெட்ரோல். வீட்டுப் பெரியவர் அதை ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கினார். மல்லாட்டை மூட்டையைத் திண்டிவனம் கமிட்டிக்கு ஏற்றிப்போகவும், மழைக்காலத்தில் ஏரிக்கரை வழியாக ஊருக்குள் வரவும் அந்த வண்டிதான். அந்தப் பக்கத்து மண் மழை பெய்தால் என்ன ஆகும் என்று அங்கே வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். கார் சிக்கிக்கொள்ளும், டிராக்டர் வந்து இழுக்கும். ஜீப் வந்துவிடும்.

1990-களின் பிற்பாதியில் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் பெரியவர் டீசலுக்கு மாற்ற முடிவு செய்தார். விழுப்புரத்திலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தார். வேலை நடந்தது பட்டறையில் இல்லை, வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில். மூன்று இரும்புக் குழாய்களை மேலே சேர்த்துக் கட்டி முக்காலி போல நிறுத்தி, நடுவில் செயின் பிளாக் தொங்கவிட்டு, பழைய இன்ஜினைத் தூக்கி எடுத்தார்கள். மரக்கிளையில் கட்டலாமே என்று யாரோ சொன்னதற்கு மேஸ்திரி, "கிளை ஒடிஞ்சா இன்ஜின் போவாது அண்ணே, கீழ நிக்கிற ஆளு போயிடுவான்" என்றாராம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இன்ஜின் மாற்றுவது என்றால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது. அதில் வைப்பதுதான் சுலபமான பகுதி! தலைவலி எல்லாம் இன்ஜின் முடிந்து கியர் பெட்டி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஓட்டைக்கு ஓட்டை பொருந்தாது. நடுவே ஒரு கனமான இரும்புத் தகடு வெட்டி, ஒரு பக்கம் இன்ஜினின் ஓட்டைகளும் இன்னொரு பக்கம் கியர் பெட்டியின் ஓட்டைகளும் வருகிற மாதிரி துளை போட வேண்டும். இதற்கு அடாப்டர் பிளேட் என்று பெயர். ஓட்டை போடுவது பெரிய விஷயமில்லை. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டும் கியர் பெட்டியின் உள்ளே போகிற ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், அதுதான் விஷயம். ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் வண்டி அன்றைக்கு ஓடும். நாலு மாதத்தில் கிளட்ச் உதறும், கியர் தானாக நழுவி வெளியே வரும், பேரிங் சத்தம் போடும். மேஸ்திரி அந்தத் தகட்டை விழுப்புரத்தில் ஒரு லேத்துக்கு எடுத்துப்போய் மூன்று தடவை திருத்திக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு.

அடுத்தது எடை. டீசல் இன்ஜினில் அழுத்தம் அதிகம், அதனால் உடம்பு கனம், வண்டியின் மூக்கு தாழும். முன் கமான் பட்டையில் ஒரு பட்டை கூடச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் காலியாகப் போகும்போது தூக்கித் தூக்கிப் போடும். ஆயில் சம்ப் முன் அச்சின் டிஃபரன்ஷியலில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றிருக்கும்போது இடிக்காது, பள்ளத்தில் விழுந்து அச்சு மேலே வரும்போதுதான் இடிக்கும். அதைச் சோதிக்க முன் சக்கரத்துக்கு ஜாக்கி வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். சி.ஜே.3பி-யில் பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதிலிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய் போதும். டீசலுக்குப் போதாது. இன்ஜெக்டர்களில் மிச்சமாகும் டீசல் திரும்பி டாங்குக்கு வர இன்னொரு குழாய் வேண்டும். பெட்ரோல் வாசனை போகாத டாங்கில் வெல்டிங் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. டாங்கைக் கழற்றி, கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் அந்த வேலையைச் செய்தார்கள். நல்ல மேஸ்திரிக்கும் மோசமான மேஸ்திரிக்கும் வித்தியாசம் இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

வெற்றிடம் என்றொரு சமாச்சாரமும் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் காற்றை இழுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். பழைய ஜீப்பில் வைப்பர் அந்த இழுப்பில்தான் ஓடும். டீசல் இன்ஜினுக்குள் காற்று தடையில்லாமல் போவதால் அந்த வெற்றிடம் கிடையாது. இன்ஜின் மாற்றிய முதல் மழையில்தான் பெரியவருக்கு இது தெரிந்தது. ஏன் வைப்பர் ஓடவில்லை என்று கேட்டால் "இன்ஜின் மாத்திட்டோம்ல" என்று பதில். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நிஜம். பிறகு கரண்டில் ஓடும் வைப்பர் மோட்டார் வைத்தார்கள்.

போட்டது பிஜோ டீசல், நொறுங்கிப்போன ஒரு மகிந்திரா வண்டியிலிருந்து எடுத்தது. முதலில் பேசியது ஒரு டிராக்டர் இன்ஜின். அது பாதி விலைக்கு வந்தது. மேஸ்திரிதான் வேண்டாம் என்றார். அவர் போட்ட கணக்கு இப்படி. ஜீப்பின் அச்சில் பல் விகிதம் 5.38. அதாவது டாப் கியரில் இன்ஜின் 5.38 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 16 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் போகும். நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே மூச்சு வாங்குகிற டிராக்டர் இன்ஜினைப் போட்டால் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர்தான் போகும். அதே அச்சில் பழைய பெட்ரோல் இன்ஜின் 4000 சுற்று போய் 100-ஐத் தொடும். பிஜோ டீசல் சாலை வண்டிக்காகவே பிறந்தது. அதே குடும்பம்தான் அவர்கள் நாட்டில் பிஜோ 504 காரில் ஓடியது. வேகத்துக்குச் சுற்றும், ஆகையால் அச்சைத் தொட வேண்டியதில்லை. பத்தாவது தாண்டாத மனிதர் சிகரெட் அட்டையின் பின்பக்கம் போட்ட கணக்கு இது. இயந்திரவியல் படிக்கிற நண்பர்கள் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், சரியாக வரும் :-)

காகித வேலையும் அப்போது சுலபமாக முடிந்தது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, எழுதப்பட்ட காலத்தில், வண்டியில் மாற்றம் செய்ய வேண்டுமானால் பதிவு அதிகாரியிடம் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்கு என்றுதான் சொன்னது. பெரியவர் விண்ணப்பம் கொடுத்தார், இன்ஜின் வாங்கிய ரசீதைக் காட்டினார், வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் நம்பரும், எரிபொருள் டீசல் என்பதும் ஏறின. முத்திரையும் விழுந்தது. முடிந்தது கதை.

2000-ஆம் வருடத் திருத்தம் அந்தக் கதவை ஏறக்குறைய சாத்திவிட்டது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் போகிற எந்த மாற்றத்தையும் உரிமையாளர் செய்யக் கூடாது என்று பிரிவு திருத்தி எழுதப்பட்டது. காஸ், பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் வைத்து மாறுவதற்கு மட்டும் வழி விட்டார்கள். 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது: தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழைய ஜீப் சந்தையில் 'டீசல் ஏறிய புக்' என்றால் ஒரு மரியாதை இருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். இன்ஜினை எங்கே வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். அந்த முத்திரையை இனி வாங்க முடியாது.

இப்போது அந்த வீட்டின் பிரச்சினைக்கு வருவோம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்த பிஜோ டீசல் ஓய்ந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்க வெள்ளைப் புகை. ஆயில் குடிக்கிறது. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து கடைந்து கடைசி அளவுக்கு வந்தாயிற்று, இனிக் கடைய இடமில்லை. பெரியவரின் மகன் விழுப்புரத்தில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில் ஊருக்கு வருவார். அவருக்கு ஆசை: விபத்தில் அடிபட்ட புதுக் கால எஸ்.யு.வி. ஒன்றின் காமன் ரெயில் டீசலை வாங்கிப் போட்டுவிட வேண்டும். பழைய சக்தியைப் போல இரண்டு மடங்கு. இணையத்தில் வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்திருக்கிறார். அதே மேஸ்திரியைத்தான் கூப்பிட்டார். மேஸ்திரிக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார்.

"போட்டுடலாமா அண்ணே?"

"போட்டுடலாம் தம்பி. போட்டா ஓடும். ஓட்டுனா நிக்குமா?"

மேஸ்திரி கேட்டது பிரேக்கைப் பற்றி. அந்த ஜீப்பில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதிக்கிற காலுக்கு உதவி செய்ய எதுவும் கிடையாது, கால் பலம்தான் பிரேக் பலம். வண்டியின் வேகம் ஒன்றரை மடங்கானால் அதை நிறுத்தப் பிரேக் தின்ன வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. 60-இல் போகும்போது போதுமான பிரேக் 90-இல் போதாது. ஏரிக்கரையில் மட்டும் ஓட்டுவேன் என்று மகன் சொல்லலாம். ஆனால் சென்னை–திருச்சி நாலுவழிச் சாலை வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கையில் இரண்டு மடங்கு சக்தியை வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் 60-இல் போகிறவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம்.

சரி, பிரேக்கையும் மாற்றுவோம் என்றால் அச்சை மாற்ற வேண்டும். அச்சை மாற்றினால் அகலம் மாறும், ஸ்டியரிங் கம்பிகள் மாறும். கூடவே அந்த மூன்று கியர் பெட்டி இவ்வளவு முறுக்கைத் தாங்காது, அதையும் மாற்ற வேண்டும். புது இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி, நூற்றுக்கணக்கில் ஒயர்கள். ஆக்சிலரேட்டர் கம்பியில் இல்லை, கரண்டில். சாவியில் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜின் கிளம்பவே கிளம்பும். எல்லாம் முடித்துப் பார்த்தால் மிஞ்சுவது பழைய ஜீப்பின் நம்பர் பிளேட்டும் பானெட்டும் மட்டும்தான். அதற்கும் ஆர்.சி.யில் இடமில்லை. நாளைக்கு யார் மீதாவது மோதிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பரை. வண்டி ஓடுவது வேறு, வண்டி கணக்கில் இருப்பது வேறு.

விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்தால் என்ன என்று மகனின் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். 2021 ஜூலையில் அதற்கென்று தனி விதி வந்திருக்கிறது. 50 வருடம் தாண்டிய வண்டிக்குத் தனி எண், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். வயது என்னவோ பொருந்துகிறது. ஆனால் வண்டி முதலில் வந்த வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இந்த ஜீப்பிலோ டீசல் இன்ஜினைத் தாங்க சேசிஸிலேயே பிராக்கெட் வெல்டிங் செய்திருக்கிறது. அதை விடுங்கள், விண்டேஜ் வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் சாலையில் ஓட்டலாம். மல்லாட்டை மூட்டை ஏற்ற முடியாது! பணக்காரர்களின் ஷெட்டுக்காக எழுதிய விதி அது, வேலை செய்கிற கிழட்டு வண்டிக்கு அதில் இடம் வைக்கவில்லை.

பேட்டரிக்கு மாறுவதைச் சட்டம் அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வகை வண்டிக்கென்று சோதித்து அங்கீகரித்த கிட் வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஜீப்புக்குப் போய் யார் கிட்டைச் சோதித்து வைத்திருப்பார்கள்? அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

கடைசியில் மிஞ்சியது இரண்டு வழிகள். ஒன்று, இன்னொரு பிஜோ டீசலைத் தேடிப் பிடித்து, அதே வகை இன்ஜின்தான் என்று காட்டி, நம்பர் மாற்றத்துக்கு அனுமதி கேட்பது. இன்னொன்றை எல்லோரும் மறந்திருந்தார்கள், பெரியவரைத் தவிர. மாட்டுக்கொட்டகையின் மூலையில், சாக்கு போர்த்தி, இரண்டு மரக்கட்டைகளின் மேல், அந்த வண்டியோடு பிறந்த பெட்ரோல் இன்ஜின் அப்படியே இருந்தது. இரும்புக் கடைக்காரர் எத்தனையோ தடவை கேட்டும் அவர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "இருக்கட்டும்னு வச்சேன்" என்கிறார்.

மகனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. டீசலிலிருந்து பெட்ரோலுக்குத் திரும்புவதாவது! ஆனால் கணக்கு மாறியிருந்தது. 2010-இல் பெட்ரோல் விலையையும் 2014-இல் டீசல் விலையையும் அரசாங்கம் கையை விட்டது. தமிழ்நாட்டில் இன்றைக்கு இரண்டுக்கும் உள்ள இடைவெளி லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள். வண்டியின் வேலையும் குறைந்துவிட்டது. மூட்டையை இப்போது மினி லாரி வந்து ஏற்றிக்கொள்கிறது. ஜீப் மாதத்துக்கு 150 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அந்த அளவுக்குப் பெட்ரோல் போட்டால் டீசலைவிட எழுநூறு, எண்ணூறு ரூபாய் கூட ஆகும். புது இன்ஜினுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. மகிந்திரா அந்த இன்ஜினைப் பல வருடம் இங்கேயே செய்ததால் பிஸ்டன், வால்வு, பேரிங் எல்லாம் தேடினால் கிடைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. சட்டத்துக்குப் பிடித்தது தயாரிப்பாளர் சொன்ன இன்ஜின், அதாவது இந்தப் பெட்ரோல் இன்ஜின். ஆனால் ஆர்.சி. புத்தகம் இந்த வண்டி டீசல் என்று சொல்கிறது, அதுவும் அரசாங்க முத்திரையோடு. தாய்வீட்டுக்குத் திரும்பவும் விண்ணப்பம் எழுத வேண்டும்! கூடவே, 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5000 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். 20 வருடத்தையும் தாண்டிய காருக்கு 2025-இல் அதுவும் இரட்டிப்பாகிவிட்டது. அந்தப் பணத்தைப் பற்றி மகன் முணுமுணுத்தார், பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருபத்தைந்து வருடம் சும்மா கிடந்த இன்ஜின் சும்மா சுற்றாது. பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தன. அவசரப்பட்டுக் கம்பியைப் போட்டு நெம்பினால் ரிங் உடையும், சிலிண்டரில் கீறல் விழும். மேஸ்திரி நாலு பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஓட்டைகள் வழியாக டீசல் ஊற்றச் சொன்னார். (பெட்ரோல் இன்ஜினை உயிர்ப்பிக்க டீசல்!) தினம் காலையில் கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம். அந்த வேலையைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து ஒரு சின்ன புனலை வைத்து ஊற்றுவார். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, மேஸ்திரியின் மகன் வந்து நீள ஸ்பானரைப் போட்டு மெதுவாக அழுத்தியபோது கிராங்க் கால் சுற்று நகர்ந்தது. அவர் ஸ்பானரை எடுத்துவிட்டு இன்னும் ஒரு வாரம் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹெட்டைக் கழற்றி விழுப்புரத்துக்கு அனுப்பியாயிற்று. வால்வு இருக்கைகளைக் கடைய வேண்டும். சேசிஸில் பெட்ரோல் இன்ஜினுக்கான பழைய மவுண்டிங் ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைக்காமல் மேஸ்திரி அன்றைக்கே விட்டுவைத்திருந்தது இப்போது உதவுகிறது. அடாப்டர் பிளேட் தேவைப்படாது, பழைய கியர் பெட்டி நேராக வந்து உட்காரும். கமான் பட்டையில் கூடச் சேர்த்த ஒன்றைக் கழற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தை மகன் தயார் செய்துகொண்டிருக்கிறார். வண்டியோடு பிறந்த இன்ஜின் நம்பர் பழைய ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில், அடித்துவிட்ட கோட்டுக்கு அடியில், இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறதாம். வைப்பரை மட்டும் பழைய மாதிரி காற்றில் ஓட விட வேண்டாம், கரண்ட் மோட்டாரே இருக்கட்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.